அண்ணர் சாமான் அல்ல

சண்டிலிப்பாய்,
பிரமாதி வருடம், பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை.

கொழும்பிலே மோட்டார் இன்சூறன்ஸ் கம்பனிக் கந்தோரில் கிளாக்கர் உத்தியோகம் பார்க்கும் சிரஞ்சீவி மருமகன் நவரட்ணத்துக்கு, சின்ன மாமன் ஏரம்பு எழுதிக்கொள்வது. நகுலேசப் பெருமான் கிருபையால் நானும் உமது தாயாரும் பெரிய மாமியும் சுகம். மாடு சுகம். தோட்டத்திலே கத்தரி சுகம். வான் சுகமில்லை. உமது சுகமும் உமது பெண்சாதி அருந்ததியின் சுகமும் அறிய ஆவலாயிருக்கிறேன். ஆனால் அதற்கு முன்பாக உமது கம்பனியின் புத்தி சுகமாயிருக்கிறதா என்று அறிவதே இப்போது எனக்குப் பெரிய ஆவல்.

போன வருடம் நீர் லீவிலே வந்திருந்து, முற்றத்தில் கதிரை போட்டுக்கொண்டு, காலுக்கு மேல் கால் வைத்துச் சொன்ன வார்த்தை உமக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. "பெரிய மாமா, சட்டம் வந்திட்டுது. இனி இன்சூறன்ஸ் இல்லாமல் வானை றோட்டிலை விடேலாது. எடுக்கிறதெண்டால் முழுக் காப்பாய் எடுங்கோ. ஒரு கீறல் விழுந்தாலும் எங்கடை கம்பனி பாத்துக்கொள்ளும்" என்றீர். அண்ணர் முருகேசு யார் சொன்னாலும் இலேசில் நம்பாதவர், ஆனால் சப்பாத்துப் போட்டவன் சொன்னால் நம்பிவிடுவார். வான் அவருடைய பெயரில், அவருடைய உழைப்பில் வாங்கியது. கொழும்பிலிருந்து பழைய எஞ்சினும் சில்லுமாக வந்ததற்கு எங்களூர்த் தச்சன் வேப்பம்பலகையில் உடம்பு கட்டினான். விடியப்புறம் கத்தரிக்காயைச் சந்தைக்குக் கொண்டுபோகும், பகலிலே புகையிலையைக் கொக்குவில் சுருட்டுக் கொட்டிலுக்குக் கொண்டுபோகும், திருவிழா வந்தால் ஊர்ச்சனத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோகும். தான் என்ன சாதி வான் என்று அது ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது நீர்தான்.

அதன் பிறகு உங்கள் கம்பனியின் ஏசண்டர் அடைக்கலநாதன் யாழ்ப்பாணத்திலிருந்து சைக்கிளில் வந்தார். மாடு வாங்க வந்தவரைப்போல வானைச் சுற்றிச் சுற்றி நடந்தார், குனிந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார். வாயைத் திறந்து பல்லைப் பார்க்காததுதான் குறை. பிறகு அண்ணரிடம் சொன்னார்:

"ஐயா, உது கார் இல்லை."

"ஓம்" என்றார் அண்ணர்.

"லொறியும் இல்லை."

"ஓம்."

"அப்ப என்ன?"

"வான். வானுக்கு இன்சூறன்ஸ் எழுத எண்டுதானே நீர் வந்தனீர்?"

"வான் எண்டு தனிய ஒண்டு இல்லை ஐயா. ஆள் ஏத்துற வான் இருக்கு, சாமான் ஏத்துற வான் இருக்கு. உதின்ரை பக்கத்திலை யன்னல் கிடக்கு. அப்ப ஆள் ஏத்துற வான்."

"உது யன்னல் இல்லை. புகையிலை புழுங்கிப் போகாமல் காத்துப் போக விட்ட ஓட்டை. புகையிலை மூச்சு விடவேண்டாமோ?"

"மூச்சு விடுறதெல்லாம் கம்பனிக்கு ஆள்தான், ஐயா."

அண்ணர் என்னைப் பார்த்தார், நான் அண்ணரைப் பார்த்தேன். ஆள் ஏற்றுகிற வான் என்றால் அதற்கு வேறு வகுப்பு, வேறு பத்திரம், புகையிலை ஏற்றப்படாது. சாமான் வான் என்றால் சனம் ஏற்றப்படாது. கடைசியில் புகையிலைதான் சோறு போடுகிறது என்று தச்சனைக் கூப்பிட்டு ஓட்டைகளுக்குப் பலகை அடிப்பித்தோம். உள்ளே சனம் இருக்கிற வாங்குப் பலகையையும் கழற்றி மாட்டுக்கொட்டிலில் போட்டோம். இப்படியாக, அதே சில்லு, அதே எஞ்சின், அதே சத்தத்தோடு அது சாமான் வான் ஆகிவிட்டது. அடுத்த முறை கொக்குவிலுக்குப் போன புகையிலை வேர்த்து நாறித் திரும்பி வந்தது. அதற்கு உமது பத்திரத்தில் காப்பு இல்லையாம்.

அந்தப் பத்திரம் இங்கிலீசில் இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினது மழைக்குத்தான் என்று உமக்குத் தெரியும். ஆனாலும் அகராதியை ஒரு பக்கத்திலும் விளக்கை ஒரு பக்கத்திலும் வைத்துக்கொண்டு முழுதையும் வாசித்தேன். வான் என்றால் என்னவென்று அதில் எங்கேயும் சொல்லவில்லை. இன்னது வான் அல்ல, இன்னது தவிர்ந்தது, இன்னது ஒழிந்தது, இன்னபடி பாவிக்கப்படாதது என்று பக்கம் பக்கமாகப் போகிறது. சைவ சித்தாந்தப் பிரசங்கத்தில் கடவுளைத்தான் இப்படி விளக்கக் கேட்டிருக்கிறேன். அதிலே எனக்கு விளங்கிய ஒரே விதி இதுதான்: சாமான் வானில் உரிமைகாரரின் சொந்தச் சாமான் மட்டும் போகலாம். வான் ஓட்டுகிற றைவரோடு, அந்தச் சாமானுக்குப் பொறுப்பான ஓர் ஆள் முன்னால் இருக்கலாம். அதற்குமேல் ஓர் ஆள் ஏறினாலும் காப்பு இல்லை. நான் அதை மனதில் எழுதிக்கொண்டேன். நீர் சிரிக்கலாம், ஆனால் உமது கம்பனிச் சட்டத்தை இந்தக் குடாநாட்டிலே என்னைப்போல அனுசரித்தவன் வேறொருவன் இருக்கமாட்டான்.

தை மாதம் அண்ணர் கண்ணை மூடினார். செத்த வீட்டுக்கு வர லீவு கிடைக்கவில்லை என்று நீர் தந்தி அடித்தீர். சரி. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்காவது வருவீர் என்று பார்த்தோம். அதற்கும் ஒரு தந்தி. சரி. அண்ணருக்குப் பிள்ளைகள் இல்லாதபடியால் கொள்ளி வைத்தவனும் நான், சாம்பல் வைத்த மண்முட்டியைக் கீரிமலைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டியவனும் நான். சொந்தக்காரர் எல்லாரும் "வான் நிக்குதுதானே, ஏறுவம்" என்று வெளிக்கிட்டு வந்தார்கள். நான் விடவில்லை. "கம்பனிச் சட்டம், ஓராளுக்கு மேலை ஏறேலாது" என்று சொல்லி, குருக்கள் முதல் உமது தாயார் வரைக்கும் எல்லாரையும் மாட்டு வண்டில்களில் முன்னதாக அனுப்பினேன். பத்துப்பேர் இருக்கக்கூடிய வான் வெறுமையாகக் கிடக்க, உமது தாயார் வண்டிலில் குலுங்கிக் குலுங்கி என்னைத் திட்டிக்கொண்டு போனார். நான் றைவர் சிமியோனுக்குப் பக்கத்தில் ஏறினேன். முட்டியைப் பின்னால் கத்தரிக்காய்ச் சாக்குப் போடுகிற இடத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. மடியில் வைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டு வழக்கம் உமக்குத் தெரியும். முட்டியை நிலத்தில் வைக்கப்படாது. சந்தி வந்தால் செத்தவரை முறை சொல்லிக் கூப்பிடவேண்டும், இல்லாவிட்டால் அவர் பாதை மாறிப் போய்விடுவார். அண்ணர் உயிரோடிருந்த காலத்திலேயே சந்தியில் பாதை மாறி எங்கேயாவது போய் இருந்துவிடுகிறவர். ஆகையால் நான் கவனமாய்க் கூப்பிட்டேன். பண்டத்தரிப்புச் சந்தியில் "அண்ணை, இனித் திரும்புறம், வாருங்கோ" என்றேன். சிமியோன் வேதக்காரன், அவன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். அடுத்த சந்தியில் "அண்ணை, இதாலை வாருங்கோ" என்றேன். அவனுக்கு வேர்த்தது. இளவாலையில் ஒரு கெட்ட வளைவு. "அண்ணை, வளைவு வருது, பிடிச்சுக்கொண்டு இருங்கோ" என்றேன். அண்ணர் பிடித்துக்கொண்டாரோ இல்லையோ என்று பார்ப்பதற்காகச் சிமியோன் பின்னால் திரும்பிப் பார்த்தான். வான் நேராகப் போய் மதகுக் கட்டில் ஏறி, முகத்தை நசுக்கிக்கொண்டு, றேடியேற்றர் தண்ணீர் முழுவதையும் வாய்க்காலில் விட்டு நின்றது.

"ஐயா, பின்னுக்கு ஆர்?" என்று அவன் கேட்டான்.

"பின்னுக்கு ஒருத்தருமில்லையடா. அண்ணை முன்னுக்கு இருக்கிறார்" என்றேன்.

அவன் கதவைத் திறந்து இறங்கிப் போய் வேலியோடு ஒட்டிக்கொண்டு நின்றான். எனக்கு முழங்காலில் ஒரு உரசல். முட்டிக்கு ஒன்றுமில்லை. அந்தநேரம் தென்னோலைக் கிடுகு ஏற்றிக்கொண்டு நீக்கிலாப்பிள்ளை என்ற வண்டில்காரன் வந்தான். "ஆரையா மடியிலை?" என்றான். "என்ரை அண்ணை" என்றேன். "கீரிமலைக்கோ?" "ஓம்." "ஏறுங்கோ. மெல்லமாய் விடுறன், அவருக்குக் குலுங்கப்படாது." அவ்வளவுதான். அவன் முட்டியைச் சுற்றி நடக்கவில்லை, தட்டிப் பார்க்கவில்லை, என்ன வகுப்பென்று கேட்கவில்லை. அவனுக்கு ஒரு இங்கிலீசு அகராதியும் தேவைப்படவில்லை. குருக்கள் காத்திருந்தார், காரியம் குறைவில்லாமல் நடந்தது.

இனிமேல்தான் உமது கம்பனியின் திருவிளையாடல். விபத்துப் பத்திரம் வந்தது. அதிலே ஒரு கேள்வி: "விபத்து நேர்ந்தபோது வாகனத்தில் இருந்தவர்கள் யார்?" நான் பொய் எழுதிப் பழகாதவன். றைவர் சிமியோன், நான், எனது தமையனார் முருகேசு என்று எழுதினேன். கம்பனியிலிருந்து மறுமொழி வந்தது: றைவர் தவிர இரண்டு ஆட்கள் பயணம் செய்திருக்கிறபடியால் சாமான் வானை ஆள் வானாகப் பாவித்ததாகக் கொள்ளப்படும், காப்பு இல்லை. மேலும், முருகேசு என்பவருக்கு ஏற்பட்ட காயங்களைப்பற்றி வைத்தியரின் அறிக்கை அனுப்பவும். அந்தக் கடிதத்தைத் தட்டெழுத்தில் அடித்த விரல் உமது விரலாக இருக்காது என்று நம்புகிறேன். நான் உடனே பதில் எழுதினேன்: "அவருக்கு விபத்தில் காயம் ஒன்றும் இல்லை. அவர் முன்னமே எரிந்துவிட்டார்." அதற்கும் மறுமொழி வந்தது. வாகனத்தில் தீ உண்டாகியிருந்தால் அதற்கு வேறு பத்திரமாம். அதையும் இத்தோடு வைத்து அனுப்பியிருந்தார்கள்.

பிறகு அடைக்கலநாதன் திரும்பவும் சைக்கிளில் வந்தார். இந்த முறை வானைச் சுற்றவில்லை, கிடுகு போட்டு மூடிக் கிடந்த வானைப் பார்க்க வெட்கப்பட்டவர்போல நேரே என்னிடம் வந்து இருந்தார்.

"ஐயா, கம்பனி தலை சுத்திப்போய் நிக்குது. ஒரு சொல்லை மாத்தினால் காரியம் முடிஞ்சுது."

"என்ன சொல்?"

"ஒரு மண்முட்டி, அதுக்குள்ளை கொஞ்சச் சாம்பல். சாமான் எண்டு எழுதுங்கோ. அப்ப வானிலை றைவர், சாமான், சாமானுக்குப் பொறுப்பான ஆள் நீங்கள். எல்லாம் சட்டப்படி."

"சாமான் ஆர்?"

"அண்ணர்."

"தம்பி, நீர் எழும்பிப் போம்."

மச்சாள், அதுதான் உமது பெரிய மாமி, கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டபடியால் அவர் போகவில்லை. குடித்துக்கொண்டே மேலும் யோசித்தார். "சொந்தச் சாமானோ எண்டும் கேப்பினம். வான் ஆரின்ரை பேரிலை?"

"அண்ணரின்ரை பேரிலை."

அவருடைய முகம் விளக்குப்போல மலர்ந்தது. "பாத்தியளே! தன்ரை வானிலை தன்னைத் தானே ஏத்திக்கொண்டு போயிருக்கிறார். இதைவிடச் சொந்தச் சாமான் உலகத்திலை கிடையாது, ஐயா. பெறுமதிதான் கொஞ்சம் யோசிக்கவேணும். என்ன போடுவம்?"

நான் எழும்பி நின்றேன். "உம்மடை தேப்பன் மோசம்போனால் எந்த வகுப்பிலை எழுதுவீர்?" என்று கேட்டேன்.

"அவரைக் கோயிலுக்குப் பக்கத்திலையே அடக்கம் பண்ணுறது, ஐயா. வான் தேவைப்படாது" என்றார், ஒரு கோபமும் இல்லாமல்.

இப்படிப்பட்ட மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? கோப்பையை வைத்துவிட்டு, வானுக்கு இப்போது உரிமைகாரி பெரிய மாமி என்றபடியால் அவர் கையெழுத்து வைத்தாலும் போதும் என்று மெதுவாகச் சொன்னார். இந்த வீட்டில் கையெழுத்து வைக்கிறவன் நான்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கதவுக்குப் பின்னால் நின்ற மச்சாள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா: "தம்பி, புகையிலை வெட்டியாச்சு."

அது எனக்குத் தெரியாதா? வெட்டிய புகையிலை கொட்டிலில் தொங்குகிறது. வான் ஓடாவிட்டால் கொக்குவிலான் வேறிடத்தில் வாங்குவான். அண்ணர் விட்டுப்போனதில் மச்சாளுக்குச் சோறு போடக்கூடியது அந்த வான் ஒன்றுதான். வான் திருத்துகிற கராச்காரன் கம்பனி ஓம் என்று சொல்லாமல் ஒரு ஆணியையும் தொடமாட்டேன் என்கிறான். சுன்னாகத்து இரும்புக்காரன் ஒருவன் இரண்டுமுறை வந்து படலையால் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். பழைய இரும்பாகத் தூக்கிக்கொண்டு போனால், அதோடு மாமியின் கையும் ஒடிந்த மாதிரித்தான். இதெல்லாம் தெரிந்தும் சொல்லுகிறேன்: என்னைத் தூக்கி வளர்த்தவரை, எனக்கு ஏர் பிடிக்கக் காட்டித் தந்தவரை, கத்தரிக்காய்ச் சாக்கோடு ஒரே வகுப்பில் வைத்து நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

ஆகையால் நீர் செய்யவேண்டியது இது. உமது பெரிய துரையிடம் போய், நான் சொன்னதாகவே சொல்லும். ஆள் என்று ஒரு வகுப்பு, சாமான் என்று ஒரு வகுப்பு வைத்திருக்கிறீர்கள். இரண்டிலும் சேராதவர்களுக்கு மூன்றாவது வகுப்பு ஒன்று உண்டாக்கவேண்டும். அதில் சாம்பலாய்ப் போனவர்கள், திருவிழாவில் வாகனம் ஏறுகிற சுவாமிகள், காகிதத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிற கம்பனி மனேச்சர்மார் எல்லாரையும் சேர்க்கலாம். துரை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கதிரையில் நித்திரை கொள்ளும்போது அவர் ஆளா சாமானா என்றும், அந்தக் கதிரையைத் தள்ளிக்கொண்டு போனால் எந்தப் பத்திரம் செல்லும் என்றும் விசாரித்து எழுதும். அவருக்கு ஏலாதென்றால் இலண்டனிலுள்ள தலைக் கந்தோருக்கு எழுதச் சொல்லும். அங்கே சண்டை நடக்கிறதாம், எங்கள் வான் சங்கதிக்கு நேரமில்லை என்பார்கள். சண்டையில் சாகிறவர்களை அவர்கள் எந்த வகுப்பில் ஏற்றுகிறார்கள் என்று அதே கடிதத்தில் கேட்கும். மறுமொழி வரும்வரைக்கும் வான் கிடுகின் கீழ் கிடக்கட்டும். நானும் கிடக்கிறேன். எனக்கு அவசரமில்லை.

நீரும் உமது பெண்சாதியும் நோய்நொடி இல்லாமல், நல்ல பிள்ளைச்செல்வம் பெற்று, மேலதிகாரிகளின் தயவும், முடிந்தால் சொந்தப் புத்தியும் குறையாமல் வாழ நகுலேசுவரரை வேண்டிக்கொள்ளுகிறேன். உமது தாயார் முருங்கைக்காய் அனுப்பச் சொன்னார். றெயிலில் அதை எந்த வகுப்பில் போடுவார்களோ என்று தெரியாதபடியால் அனுப்பவில்லை.

இப்படிக்கு,
எதிலும் இறங்கிக் கொடாத உமது சின்ன மாமன்,
க. ஏரம்பு.

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டுவதற்குப் பசை தேடி எழும்பினேன். பெரிய மாமி படலையைத் திறந்துகொண்டு வந்தா. பின்னால் சிமியோன். இருவரும் பஸ்ஸில் யாழ்ப்பாணத்துக்குப் போய் அடைக்கலநாதனைக் கண்டுவிட்டு வருகிறார்களாம்.

"கையெழுத்து வைச்சிட்டன், தம்பி" என்றா.

"என்னெண்டு?"

"சாமான் எண்டு."

"மச்சாள், அண்ணரைப்போய்..."

"உம்மடை அண்ணர் ஊர்காத்துறைத் தோணியிலை சாமான் கூலியிலும் ஆள்கூலி கூட எண்டு புகையிலைச் சிப்பங்களுக்குள்ளை படுத்துக்கிடந்து போய்வந்த மனிசன். ஒருநாள் தோணிக்காரன் காலைக் கண்டிட்டு 'உது என்ன?' எண்டு கேக்க, உள்ளுக்கிருந்து 'சாமான்' எண்டு தன்ரை வாயாலை சொன்னவர். வீட்டை வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சவர். அவர் சொன்னதைத்தான் நான் எழுதினனான்."

ஒட்டாத கடித உறையைக் கீழே வைத்தேன். "பெறுமதி என்ன போட்டியள்?" என்று கேட்டேன்.

"உடைஞ்சால் திருப்பி வாங்கேலாது எண்டு சொன்னன். ஏசண்டர் இலக்கம் போடாமல் அந்த இடத்திலை ஒரு கீறு கீறிவிட்டார்."

கராச்காரனுக்கு அடைக்கலநாதன் கம்பனி பேரில் ஓம் என்று ஒரு துண்டு கொடுத்துவிட்டாராம், சிமியோன் இப்போது இரண்டு சோடி மாடு பூட்டி வானைக் கராச்சுக்கு இழுத்துக்கொண்டு போகிறான். ஆகையால் மேலே எழுதியது முழுவதையும் தள்ளிவிடும். துரையிடம் போகவேண்டாம். இலண்டனுக்கும் எழுதவேண்டாம். ஆனால் ஒரு காரியம் மட்டும் செய்யவேண்டும். மாமி கையெழுத்து வைத்த பத்திரத்தில் என்னைச் சாமானுக்குப் பொறுப்பான ஆள் என்று எழுதியிருக்கிறார்கள். நான் பிறந்த நாள் முதல் ஒரு நாழிகையாவது அண்ணருக்குப் பொறுப்பாய் இருந்ததில்லை. அவர் இதை ஒப்பமாட்டார். அந்தத் தாள் உமது மேசைக்கு வரும்போது, ஒருவருக்கும் தெரியாமல் நல்ல மையால் இப்படித் திருத்திவிடும்: அன்று வானில் போன சாமான், ஏரம்பு. பொறுப்பான ஆள், முருகேசு. எப்படி எழுதினாலும் ஆள் எண்ணிக்கை ஒன்றுதான். கம்பனிக்கு ஒரு நட்டமும் இல்லை.